அத்தைக்குத் தனி அடுப்பு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அடுத்தவர்களுடையதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

போன மாதம் மலைப்பூண்டு ஒரு கத்தை வாங்கிவந்தேன். திண்டுக்கல்லில் மகன் வீட்டுச் சமையலறையில், கரண்ட் அடுப்புக்கு நேர் மேலே ஓர் ஆணி அடித்து அதைத் தொங்கவிட்டேன். ஆணி இறங்கியதில் டைல்ஸ் ஒன்று விரிசல் விட்டது. நல்லவேளை, கத்தை அதை மறைத்துக்கொண்டது. பூண்டு என்றால் அடுப்புப் புகையில் தொங்க வேண்டும், அப்போதுதான் கெடாமல் நிற்கும் என்று மருமகளுக்கு நின்றபடியே ஒரு பிரசங்கமும் செய்தேன். அவள் மரியாதை தெரிந்தவள், கேட்டுக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பூண்டெல்லாம் பச்சைக் கொம்பு நீட்டிக்கொண்டு நிற்கிறது.

"மாமா, புகையில தொங்கணும்னு சொன்னீங்களே," என்றாள். "எந்தப் புகையில?"

அந்த அடுப்பில் நெருப்பே கிடையாது, அப்புறம் புகைக்கு எங்கே போவது? மலையில் பிறந்து, பூண்டோடு பூண்டாக வளர்ந்து, எழுபதைத் தாண்டிய ஒருவனுக்கு இது தோன்றவில்லை. என் வயதுக்காரர்களே, சிரித்து முடித்துவிட்டீர்களா? சரி, சர்க்கரை மாத்திரை போட வேண்டியவர்கள் போட்டுவிட்டு வந்து உட்காருங்கள். இதே காரியத்தை அறுபது வருஷத்துக்கு முன்னால் என் அப்பா செய்தார். எனக்காவது ஒரு கத்தையோடு போயிற்று.

எங்கள் வீடு பூம்பாறைக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து மூச்சிரைக்க ஏறிப்போகிற சரிவில் இருந்தது. படிப்படியாக வெட்டிய தோட்டம். பாதியில் பூண்டு, பாதியில் உருளைக்கிழங்கு. வேலியோரம் ஒரு பேரிக்காய் மரம். பட்டாவில் அப்பா பெயர் இருந்தது. ஆனால் வீடு அத்தையுடையது. அதை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை, யாரும் மறந்ததும் இல்லை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. இருவருக்கும் நடுவில் பிறந்த பிள்ளைகளெல்லாம் காய்ச்சலில் போய்விட்டதால், இடையில் ஒரு தலைமுறை அளவுக்கு வயது வித்தியாசம். கல்யாணமாகிக் கீழே பழனிப் பக்கம் போனவள், பிள்ளையும் இல்லாமல், புருஷனையும் இழந்து மலையேறித் திரும்பினாள். அந்தச் சமயத்தில் அப்பா தாயில்லாத கைக்குழந்தை. திரும்பி வந்தவள் கையில் இருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அந்தக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மீசை முளைக்கும்வரை இறக்கவே இல்லை என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

எங்கள் அடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை. அடுப்புக்கு மேலே, தகரக் கூரைக்கு அடியில், மூங்கில்களில் பூண்டுக் கத்தைகள் வரிசையாகத் தொங்கும். விற்கிற பூண்டு சீக்கிரம் இறங்கிவிடும். விதைக்கு நிறுத்திய பூண்டு மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அத்தை வாட்டில் மரத்து விறகை எரியவிட்டு, அதன்மேல் ஈரப்பட்டை ஒன்றைப் போடுவாள். புகை நிதானமாக எழுந்து பூண்டு முழுக்கத் தடவிக்கொடுத்துவிட்டு, தகர இடுக்கு வழியாக வெளியே போகும். போகிற வழியில் எங்களையும் தடவும். பூம்பாறைப் பள்ளிக்கூடத்தில் நான் கடைசி பெஞ்சில் ஒளிந்திருந்தாலும் வாத்தியார் மூக்காலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அம்மா பெரியகுளத்துப் பெண். புகை ஆகாது. எந்நேரமும் கண் சிவந்து, அழுது முடித்தவள் மாதிரியே இருப்பாள். அடுப்படியில் அவளுக்கு விட்டிருந்த வேலை காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும்தான். மர அகப்பை அத்தை கையில். உப்புப் போடுவது அத்தை. யார் தட்டில் எவ்வளவு விழ வேண்டும் என்பதும் அத்தை. என் தட்டில் கூடுதலாக விழும் என்பதால் இந்த ஆட்சியில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. சாம்பலில் சுட்ட பூண்டுப்பல் ஒன்று எனக்கு மட்டும் தினமும் உண்டு. தோலைப் பிதுக்கினால் வெண்ணெய் மாதிரி நாக்கில் வந்து விழும்.

உருளைக்கிழங்குச் செடியெல்லாம் கருகிப்போன வருஷம் அது. அறுபதுகளின் தொடக்கம், எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. கிராமத்துக் கணக்குப்பிள்ளை ஒருநாள் கழுத்தில் மப்ளரோடு ஏறி வந்து, எங்கள் அடுப்பருகே குத்துக்காலிட்டுக் கை காய்ச்சிக்கொண்டே சொன்னார்:

"கவர்மெண்டுல வயசானவங்களுக்குப் பணம் குடுக்கப் போறாங்க. மாசாமாசம் இருபது ரூவா. மணியார்டர்ல வாசலுக்கே வந்துரும்."

"எப்பத் திருப்பிக் கட்டணும்?" என்றார் அப்பா.

"கட்ட வேணாம்யா. சும்மா குடுக்குறாங்க."

அப்பா நம்பவில்லை. அவர் அனுபவத்தில் கவர்மெண்டு வாங்குகிற கை மட்டும் உள்ள பிறவி.

"ஆனா ஒண்ணு," என்றார் கணக்குப்பிள்ளை. "ஆதரவுன்னு யாரும் இருக்கக் கூடாது. அக்காவுக்குப் பெத்த பிள்ளை இல்ல, அது சரி. ஒரே அடுப்புல ஒல வச்சீங்கன்னா ஒரே குடும்பம்னு அடிச்சிருவாரு ஆபீசரு. அடுப்ப மட்டும் பிரிச்சிருங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அத்தை கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தவள் அகப்பையை நிறுத்தினாள். "எனக்கு யாருமில்லேன்னு எழுதணுமா?"

"எழுத்துலதான்க்கா," என்றார் அப்பா. "வீட்டுல இல்ல."

அத்தை அவரைப் பார்த்தாள். பிறகு என்னையும் என் தங்கச்சியையும் பார்த்தாள். எங்களுக்கு அந்த வருஷம் காலை மாலை இரண்டு வேளையும் சாமைக்கஞ்சிதான். தங்கச்சிக்கு அது வயிற்றில் தங்கவில்லை.

"எழுதிட்டுப் போங்க," என்றாள். "எழுத்து என்ன, கடிக்கவா போகுது."

வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு உண்டு. மண்வெட்டி, சாக்கு, கூடை போட்டு வைக்கிற இடம். அதைக் காலி பண்ணி, மூன்று கல் வைத்து, ஒரு சட்டி, ஒரு தட்டு, ஒரு பாய் என்று அப்பா மேடை அமைத்தார். ஆபீசர் பார்த்தவுடன் கண்ணில் தண்ணீர் வர வேண்டும் என்பது அவர் குறிக்கோள். ஆனால் பெரிய சிக்கல் ஒன்று வந்தது. அத்தையை இன்னும் ஏழையாகக் காட்ட எதை எடுப்பது என்று தேடினால், எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

"இந்தக் கம்பளி நல்லாருக்கே, இத உள்ள வச்சிரலாமா?"

"அதுல நாலு ஓட்ட இருக்குடா தம்பி."

"சேலைய மாத்திக்கிறியாக்கா? கொஞ்சம் கிழிஞ்சதா..."

"இருக்குறதே இதுதான்டா! இதுல எங்கிட்டுப் போயி பிச்சக்காரி வேசம் கட்ட?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். எங்கள் ஏழ்மை அன்றைக்கு எங்களுக்கே பெரிய வேடிக்கையாக இருந்தது.

ஆபீசர் வந்த நாளில் நல்ல பனிமூட்டம். கணக்குப்பிள்ளை முன்னால் வழிகாட்ட, ஓவர்கோட்டோடு ஒரு மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். அப்பா வேலிக்கு அப்பால் மண்வெட்டியோடு நின்றார், பக்கத்துத் தோட்டக்காரராக. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே. எனக்குக் கொடுத்த வேஷம் ரொம்பச் சுலபம்: பேரிக்காய் மரத்தடியை விட்டு நகரக் கூடாது. அவ்வளவுதான். அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. பசித்தது. பசித்தால் கால் அத்தை இருக்கிற இடத்துக்குத் தானாகப் போகும். நேராகச் சாய்ப்புக்குள் நுழைந்து அவள் மடியில் தலையை வைத்துப் படுத்துவிட்டேன்.

"இது யாரு பையன்?" என்றார் ஆபீசர்.

கணக்குப்பிள்ளைக்கு இருமல் வந்தது. வேலிக்கு அப்பால் மண்வெட்டிச் சத்தம் நின்றது.

அத்தை என் தலையை மடியிலிருந்து மெதுவாகத் தள்ளினாள். "தெரியலங்கய்யா. எந்த வீட்டுப் புள்ளையோ. பசிச்சா இங்கிட்டு வந்துரும்."

நான் எழுந்து உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "அத்தே, நாந்தான் அத்தே!" என்று ஊரே கேட்க அலறினேன்.

எல்லாம் கெட்டது என்று அப்பா நினைத்தாராம். ஆனால் ஆபீசர் இளகிவிட்டார். "ஊருக்கே அத்தையா பாட்டி நீங்க? தனக்கே இல்லாதவங்ககிட்டதான் பிள்ளைங்க ஒட்டிக்கும்," என்று சொல்லி, கோட்டுப் பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்ட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். கணக்குப்பிள்ளை இருமல் தெளிந்து, "ஆமாங்கய்யா, ஊருக்கே அத்தை," என்றார். ஆபீசர் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பணம் என் அழுகையால்தான் கிடைத்தது என்று அப்பா வெகுநாள் பெருமையடித்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் நான் நடித்த ஒரே நாடகம் அதுதான்; அதிலும் நான் நடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் அத்தையிடம் போகாமல் முறைத்துக்கொண்டு நின்றேன். பெப்பர்மிண்ட் வாயில் இருந்தது. மானத்தோடு அதையும் காப்பாற்றிக்கொண்டேன். அத்தை அடுப்படியிலிருந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்:

"ஏலே, எந்த வீட்டுப் புள்ளைலே நீ?"

நான் பெப்பர்மிண்ட்டைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டேன். சுட்ட பூண்டுப்பல்லை நீட்டினாள்.

"ஒன் வீட்டுப் புள்ளதான்," என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

அதிலிருந்து அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் கேட்பாள்; நான் பதில் சொல்வேன்; தின்ன ஏதாவது கிடைக்கும்.

பணம் வரத் தொடங்கியது. தபால்காரர் மலையேறி வந்து, சாய்ப்பில் அத்தை பாயில் உட்கார்ந்திருக்க, கட்டை விரலில் மை தடவி ஒற்றி எடுப்பார். அவர் தலை மறைந்ததும் அத்தை நோட்டுகளை அப்பா கையில் வைத்துவிட்டு, சுருட்டுக்கு மட்டும் சில்லறை கேட்டு வாங்கிக்கொள்வாள். ஆமாம், அத்தை சுருட்டுக் குடிப்பாள்; மலையில் குளிர் அப்படி.

அந்த மாதங்களில் எங்கள் வீடு மாறிய விதத்தை இப்போது நினைத்தாலும் நாக்கில் ஊறுகிறது. அதுவரை பொங்கல், தீபாவளிக்கு மட்டும் தலைகாட்டிய அரிசிச்சோறு வாராவாரம் வந்தது, பிறகு தினமும் ஒருவேளை. கருப்பட்டிக் காப்பி போய்ச் சீனி போட்ட தேயிலை வந்தது. கொடைக்கானல் பஜாரில் பாய் கடையிலிருந்து எனக்குச் சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று. இரண்டு கையும் முழங்கைக்கு மேல் நிற்கும், ஆனாலும் ஸ்வெட்டர். தங்கச்சிக்கு ரப்பர் செருப்பு. அதைத் தேயவிடக் கூடாது என்று அவள் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பாள். அவள் கன்னத்தில் சதை வைத்தது. அப்பா தோட்டத்தில் வேலை செய்துகொண்டே சீட்டியடித்தார். காசு வந்தால் மனிதன் கெட்டுப்போவான் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு இன்றைக்கும் எழுந்து போய்விடத் தோன்றும். அந்தப் பணம் எங்களைக் கெடுக்கவில்லை. எங்களுக்குச் சோறு போட்டது.

முதல் இரண்டு மூன்று மாதம் அத்தை தபால்காரர் வருகிற நாளில் மட்டும் சாய்ப்புக்குப் போவாள். மற்ற நாளெல்லாம் வழக்கம்போல அடுப்படியில் ஆட்சி. பிறகு கிளாவரைக் கிராமத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே ஒரு கிழவருக்குப் பணம் நின்றுபோயிற்றாம். சொல்லாமல் கொள்ளாமல் ஆபீசர் வந்தபோது, அவர் உறவுக்காரர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

அப்பா சீட்டியை நிறுத்தினார்.

"அக்கா, கொஞ்ச நாளைக்குப் பகல்ல அங்கிட்டே ஒல வச்சுக்கோ. ராத்திரிக்கு உள்ள வந்துக்கலாம்."

கொஞ்ச நாள் கழித்து, "ராத்திரியும் அங்கிட்டே படுத்துக்கோயேன். வெள்ளனே வந்து நின்னாங்கன்னா என்ன செய்ய?"

அத்தை பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். மர அகப்பையை மட்டும் எடுக்கவில்லை. ஆணியில் மாட்டிவிட்டு, "அது வீட்டோடது," என்றாள்.

அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன், மனதுக்குள். இப்போது யோசித்தால், கல்யாணமாகி வந்து அத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவள் கைக்கு அந்த அகப்பை வந்தது. முதல் நாள் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டோம். இரண்டாம் நாள் சரியாக வந்தது. மூன்றாம் நாள் அவள் அடுப்படியில் பாடுவது கேட்டது. அம்மாவுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

பிறகுதான் ஸ்டவ் வந்தது.

பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, அப்பா கொடைக்கானல் போய்ச் சீமெண்ணெய் ஸ்டவ் ஒன்று வாங்கிவந்தார். பச்சை வண்ணம், பல திரி, முன்னால் சின்னத் திருகு. சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம், பக்கத்தில் இருந்தவர் பிள்ளையா என்று கேட்கிற மாதிரி. அம்மாவின் கண்ணுக்காக வாங்கினார். அவர் அவளுக்கென்று வாங்கிக் கொடுத்த முதல் பொருள் அதுதான். பற்றவைத்ததும் நீலமாக ஒரு வட்டம் எரிந்தது. நாங்கள் சுற்றி உட்கார்ந்து கோவிலில் போல வேடிக்கை பார்த்தோம். அம்மாவின் கண் சில வாரங்களில் சிவப்பு போய் வெளுத்தது. அது அழகான கண் என்று அப்போதுதான் தெரிந்தது. விறகடுப்பில் நெருப்பு மூட்டுவது குறைந்து, குறைந்து, நின்றேபோனது.

அத்தை ஒருநாள் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். உள்ளே வரவில்லை.

"பொக வராதா?"

"வராது மதினி," என்றாள் அம்மா, பெருமையாக.

அத்தை அண்ணாந்து மூங்கிலைப் பார்த்தாள். விதைப்பூண்டு முழுவதும் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. "அப்ப இதுக்கு?"

அப்பா சிரித்தார். "நீ போட்ட பொகையே தகரம் பூராக் கரியா அப்பிக் கெடக்கு. இன்னும் பத்து வருசத்துக்குப் போதும்."

"வெளையாடாத தம்பி. மழை வரப்போகுது. அத எறக்கி எம் பக்கமாவது கட்டிவிடு. நான் மூட்டம் போட்டுக்கிறேன்."

இந்த இடத்தில்தான் அப்பா தன் அறிவையெல்லாம் திரட்டி ஒரு பதில் சொன்னார். அவர் பிள்ளைதான் நான் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

"எப்படிக்கா? யாருமில்லாத கெழவி தலைக்கு மேல இம்புட்டுப் பூண்டு தொங்குனா ஆபீசரு என்ன நெனைப்பாரு? வசதியான கெழவின்னு பணத்த நிப்பாட்டிருவாரு."

அத்தை கதவிலிருந்து கையை எடுத்தாள். அவர் சொன்னது சரிதானே. யாருமில்லாத கிழவிக்கு ஏது விதைப்பூண்டு? திரும்பிச் சாய்ப்புக்குப் போனாள். வாசலில் நின்ற என்னிடம், "எந்த வீட்டுப் புள்ளைலே?" என்று கேட்டு, சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கு ஒன்றைத் தந்தாள். பூண்டு அவளிடம் இல்லை.

ஐப்பசி மழை வந்தது. எங்கள் பக்கத்து மழை பெய்துவிட்டுப் போகிற மழையல்ல. வந்து தங்குகிற மழை. மேகம் கதவு வழியாக வீட்டுக்குள் வரும், போர்வையை நனைத்துவிட்டுப் போகும். முன்பெல்லாம் அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்குள் மட்டும் உலர்ந்த கதகதப்பு இருக்கும். அந்த வருஷம் நீல வட்டம் சோறு பொங்குகிறவரை எரிந்துவிட்டு அணைந்துவிடும். சுவரில் கை வைத்தால் ஈரம். சிவப்பு ஸ்வெட்டர் காயவே இல்லை. ஈரமாகவே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். ஒரு நன்மை, வாத்தியாரால் என்னை மூக்கால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மழை ஓய்ந்து, விதைப்புக்கு மண் புரட்டிவிட்டு, அப்பா ஏணி வைத்துக் கத்தைகளை இறக்கினார். முதல் கத்தையைக் கையில் வாங்கிய அம்மா, "என்னங்க, வெயிட்டே இல்ல," என்றாள். அப்பா ஒரு பூண்டைப் பிதுக்கினார். தோலுக்குள்ளிருந்து கரித்தூள் மாதிரிப் பூஞ்சை கொட்டியது. அடுத்தது முளைத்து, உள்ளே சக்கையாக இருந்தது. அடுத்தது கூழ். அவர் ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. ஒவ்வொன்றாகப் பிதுக்கிக் கீழே போட்டுக்கொண்டே இருந்தார். வீடு முழுக்க அழுகல் வாடை.

அத்தை தானாகவே உள்ளே வந்தாள். அந்தச் சாய்ப்புக்குப் போன பிறகு அவள் அடுப்படிக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். முந்தானையை விரித்துத் தரையில் உட்கார்ந்து, கொட்டிக் கிடந்ததிலிருந்து கெட்டியான பல் ஏதாவது தேறுமா என்று பொறுக்கத் தொடங்கினாள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து நான் பார்த்ததும் அன்றைக்குத்தான். இருட்டும்வரை பொறுக்கியதில் ஒரு முறத்துக்குத் தேறியது. ஒரு பாத்தி நட மட்டும் காணும்.

"நான் கேட்டிருக்கணும் மதினி," என்றாள் அம்மா.

"நீ என்னத்தா செய்வ. ஒனக்குப் பொக ஆகாது."

அப்பா ஏணியடியில் உட்கார்ந்திருந்தார். "அக்கா, நீ உள்ள வந்துரு," என்றார். "பணமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளைக்கே கணக்குப்பிள்ளைகிட்டச் சொல்லிர்றேன்."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஓடிப்போய் அவள் பாயை எடுத்துவர வேண்டியதுதான் பாக்கி.

அத்தை முறத்தைப் புடைத்துத் தூசியை ஊதினாள். "பணமும் நின்னுட்டா, வெதைக்கு என்ன பண்ணுவ? இந்தப் பிள்ளைகளுக்கு எதப் போடுவ?"

அப்பா கையில் ஒட்டிய பூஞ்சையை வேட்டியில் துடைத்தார்.

"இம்புட்டு நாளும் அந்தப் பணம் வரணும்னு அங்கிட்டு இருந்தேன். இனிமே அது வந்தாத்தான் ஒங்க ஒலையே கொதிக்கும். இப்பப் போயி உள்ள வாங்குறியே, கூறு இருக்கா?"

சொல்லிவிட்டு முறத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாள். வாசலில் ஒரு நிமிஷம் நின்று, அடுப்பைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. கையால் கூரைத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கியதால் நின்றாளோ என்னவோ. அவளுக்கு அப்போதே கால் சரியில்லை.

அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாய்ப்பு வாசலில் நிற்பேன். அவள் கேட்க மாட்டாள். நானே, "ஒன் வீட்டுப் புள்ளதான்," என்பேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி நிற்பது எவ்வளவு கோமாளித்தனம் என்று மேடை ஏறியவர்களுக்குத் தெரியும். அவள் உருளைக்கிழங்கை நீட்டுவாள்.

அத்தை இருந்தவரை அந்தச் சாய்ப்பில்தான் இருந்தாள். பணமும் தவறாமல் வந்தது. எங்களைக் கரையேற்றியது அதுதான், ஒளிவுமறைவு என்ன. அவள் போன மறுமாதமும் மணியார்டர் வந்தது. தபால்காரர் சாய்ப்பு வாசலில் நின்று, "வாங்கிக்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். எழுத்தில் அவளுக்கு யாருமில்லை. அப்பா தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தபால்காரர் திரும்ப எடுத்துப் போய்விட்டார். ஸ்டவ் எங்கே போனது என்று தெரியவில்லை. அகப்பையும்.

ஆனால் அதெல்லாம் பின்னால். நான் சொல்ல வந்தது அந்த விதைப்பூண்டு அழுகிய வருஷத்துப் பொங்கலை.

அம்மா ஸ்டவ்வைச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்துவிட்டு, விறகடுப்பை மெழுகிக் கோலம் போட்டிருந்தாள். கண் மறுபடி சிவந்திருந்தது. அத்தையின் பழைய செம்புப் பானையைப் புளி போட்டுத் துலக்கி அதில் பொங்கல் வைத்தாள். ஒருபிடி அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தை வந்து போடட்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். தண்ணீர் பொங்கி வழிந்ததும் தானே போட்டாள். பிறகு இலை போட்டாள். அப்பாவுக்கு, எனக்கு, தங்கச்சிக்கு, தனக்கு. அடுப்புக்குப் பக்கத்தில், அத்தை எப்போதும் உட்காரும் இடத்தில், இன்னொன்று. ஆணியிலிருந்து அகப்பையை எடுத்து அந்த இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"போயி அத்தையக் கூட்டிட்டு வா," என்றாள். "நீ கூப்பிட்டாத்தான் வருவாக."

எனக்கு அந்தப் பொறுப்பு பிடித்திருந்தது. ஒரே ஓட்டமாக ஓடினேன். சாய்ப்புக்குள் மூன்று கல்லுக்கு நடுவே சின்னதாக நெருப்பு இருந்தது. சட்டியில் ஏதோ வெந்துகொண்டிருந்தது. அத்தை முட்டியைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருட்டு அணைந்து விரலிடுக்கில் இருந்தது. நான் முதலில் சட்டபூர்வமான தடைகளை நீக்கினேன்.

"அத்தே, இன்னைக்குப் பொங்கல் லீவு. ஆபீசருக்கும் லீவு. தபால்காரருக்கும் லீவு. யாரும் வரமாட்டாங்க."

அவள் கண் சட்டியை விட்டு நகரவில்லை. எனக்குத் தெரிந்த குரங்குச் சேட்டைகளில் இரண்டைச் செய்து காட்டினேன். ஸ்வெட்டரைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆபீசர் மாதிரி மூச்சு வாங்கினேன். அதற்கு அவள் எப்போதும் சிரிப்பாள். அன்றைக்கு ஒரு சுள்ளியை எடுத்து நெருப்புக்குள் தள்ளினாள்.

"வா அத்தே," என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "நம்ம வீட்டுல எல போட்டாச்சு."

அத்தை கையை உருவிக்கொண்டாள்.

"எந்த வீட்டுல?"